நெடுநாள் நின்ற பத்மினி கார்: சாவியைத் திருப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பல வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நான் ஒரு கேள்வி கேட்பேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தினீர்களா, ஓடாமல் போனதால் நிறுத்தினீர்களா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஓடாமல் போய் நிறுத்திய வண்டியில் பழைய கோளாறு அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் நின்றதால் வந்த கோளாறும் சேர்ந்திருக்கும். நன்றாக ஓடி நின்ற வண்டி அப்படியல்ல. நின்ற இடத்தில் ரிங் தேயாது, பேரிங் தேயாது. காய்வது, பிசினாவது, துருப்பிடிப்பது, ரப்பர் விறைப்பது, எலியும் குளவியும் குடியேறுவது, இவைதான் நடக்கும். அதனால் எஞ்சினைப் பிரித்து புது பிஸ்டன் போடலாம் என்று யாராவது முதல் நாளே சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நின்ற எஞ்சின் கெட்டுப்போவது பெரும்பாலும் ஷெட்டில் இல்லை. அவசரப்பட்டு முதல் முறை ஸ்டார்ட் செய்கிறோமே, அப்போதுதான்.

நான் கோயம்புத்தூரில் பெட்ரோல் வண்டி வேலை பழகியவன். என் கைக்கு அதிகம் வருவது பிரீமியர் பத்மினி. ஊரில் பலருக்கு அது இன்றும் ஃபியட்தான். 1089 சிசி, நாலு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒரு கார்புரேட்டர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கண், மூக்கு, காது, ஒரு டெஸ்ட் லேம்ப், இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ், சிலிண்டரின் அழுத்தம் அளக்க ஒரு கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அளவுகள் மாறும் என்றாலும், அம்பாசிடருக்கும் பழைய ஹெரால்டுக்கும் இதே வரிசை பொருந்தும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஷெட்டில் நின்ற வண்டியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். "நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்க, அப்பா போனதுக்கப்புறம் யாரும் எடுக்கலைங்க" என்றார் வீட்டுக்காரர். டிராக்டர் பேட்டரியும் ஜம்பர் ஒயரும் தயாராக வைத்திருந்தார். அவற்றை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

கண்ணால் பார்ப்பது

பேட்டரி மாட்டுவதற்கு முன்னால் டார்ச் அடித்து ஒயரிங் முழுவதையும் பாருங்கள். எலி கடித்த ஒயரில் கரண்ட் கொடுத்தால் புகை வருவது எஞ்சினிலிருந்து இருக்காது. ஏர் ஃபில்டரைக் கட்டாயம் திறக்க வேண்டும். அந்தப் பொள்ளாச்சி வண்டியில் அணில் தேங்காய் நாரை உள்ளே அடைத்துக் கூடு கட்டியிருந்தது. அப்படியே செல்ஃப் அடித்திருந்தால் நார் கார்புரேட்டருக்குள் போயிருக்கும். சைலன்சர் குழாயின் வாயையும் பாருங்கள். மண்குளவிக்கு அந்த அளவு ஓட்டை ரொம்பப் பிடிக்கும். பெட்ரோல் டாங்கின் காற்றுத் துளையும் அதற்குப் பிடிக்கும். அதனால் வரும் வேடிக்கையான கோளாறைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக். ஆயில் கருப்பாக இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து அளவும் கூடியிருந்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து உள்ளே ஒழுகியிருக்கலாம். எப்படி இருந்தாலும் பழைய ஆயிலை இறக்கத்தான் வேண்டும். ட்ரெயின் நட்டைச் சட்டென்று கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் நிற்கும், முதலில் அதுதான் சொட்டும். சில சொட்டுத் தண்ணீர் என்றால் வருஷக்கணக்கில் காற்றின் ஈரம் படிந்து சேர்ந்தது. டம்ளர் கணக்கில் வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகப்பட வேண்டும். புது ஃபில்டர், புது 20டபிள்யூ-50 ஆயில் போட்டு மேலே போங்கள்.

எஞ்சின் சுற்றுகிறதா

நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த பிளக்கை பலம் கொடுத்துத் திருகினால் மரை கையோடு வந்துவிடும். துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். கால் சுற்று தளர்த்தி, திரும்பவும் முறுக்கி, மறுபடி தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். ஒன்றில் மட்டும் துரு தெரிந்தால் அந்த சிலிண்டரின் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் அளவு எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, இரண்டு நாள் பொறுங்கள். யாரும் பொறுப்பதில்லை. ஆனால் சிலிண்டர் சுவரில் காய்ந்து ஒட்டிய ரிங்கை உடையாமல் விடுவிக்க வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எஞ்சினின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றலாம். வண்டி நகரும் நிலையில் இருந்தால் டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் லேசாகத் தள்ளலாம். செல்ஃப் மோட்டார் வேண்டாம். எங்கே பிடிக்கிறது என்று கைக்குத் தெரியும். மோட்டாருக்குத் தெரியாது, வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

சுற்றும்போது எட்டு வால்வையும் பாருங்கள். ஒவ்வொன்றும் இறங்கி, முழுதாக மேலே வர வேண்டும். பொள்ளாச்சி வண்டியில் மூணாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இறங்கியது, திரும்பி வரவில்லை. அதை அழுத்தும் ராக்கர் லொடலொடவென்று ஆடியது. அதைக் கவனிக்காமல் செல்ஃப் அடித்தால் ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு இடம் மாறிவிடும், பிஸ்டன் வால்வை இடிக்கவும் கூடும். செய்ய வேண்டியது இதுதான். அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே இறக்கிக்கொண்டு, வால்வுத் தண்டில் ஆயில் விட்டு, மரச் சுத்தியால் தண்டின் மேல் நுனியில் லேசாகத் தட்டுங்கள். கொஞ்சம் இறங்கும், ஸ்பிரிங் தள்ளும்போது கொஞ்சம் ஏறும். பொறுமையாகத் தட்டத் தட்ட விடுபடும். தட்டத் தொடங்கிய அன்று சாயந்திரத்துக்குள் அது சரியாகிவிட்டது. ஹெட்டைக் கழற்ற வேண்டியதே வரவில்லை.

எஞ்சின் தடையில்லாமல் சுற்றுகிறது என்றால் இப்போது பேட்டரி மாட்டலாம். பத்மினியில் நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பழைய மாரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பிளக் இல்லாமலே, பிளக்குக்கு உயர் அழுத்தக் கரண்ட் உண்டாக்கும் காயிலில் இக்னிஷன் ஒயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். டாஷ்போர்டில் ஆயில் லைட் அணைய வேண்டும். அணைந்தால் காய்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது. அணையவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, ஆயில் பம்பையும் லைட்டின் ஸ்விட்சையும் பாருங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில்தான் பேரிங் சத்தம் கேட்கிறது.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரைக் கழற்றாதீர்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதன் இரு முனையிலும் துரு. உப்புத்தாளால் தேய்த்துத் திருப்பி மாட்டினால் போதும்.

கம்ப்ரஷன்

சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கம்ப்ரஷன். பிளக் ஓட்டையில் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அஞ்சாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். 120 பிஎஸ்ஐ அளவில் வந்தால் சந்தோஷம். எண்ணைவிட நாலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நின்ற வண்டியில் முதல் நாள் வரும் அளவை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. வால்வு சீட்டில் படிந்த மெல்லிய துருவும், ஒட்டிய ரிங்கும் கொஞ்ச நேரம் ஓடினாலே சரியாகும். 70 காட்டிய சிலிண்டர் ஒரு வாரம் ஓடிய பிறகு மற்றவற்றோடு சேர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கரண்ட், பிறகுதான் பெட்ரோல்

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி சொல்வார், "கண்ணு, கரண்ட் இருக்குதான்னு பாத்துட்டு அப்புறம் பெட்ரோலத் தொடு." அதற்கு இரண்டு காரணம். பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் பிளக்கைப் பொறி விட்டுப் பார்ப்பது பத்திரம். இரண்டாவது, கரண்ட் நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாக் கோளாறுக்கும் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

நின்ற வண்டியில் கரண்ட் வராததற்கு முதல் காரணம் பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கரண்டைத் துண்டிக்கும் முனைகள். இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து கரண்டைத் தடுக்கும். காயிலில் கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டி, அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் டெஸ்ட் லேம்பை வைத்து, சாவியை ஆன் செய்து, எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடியும் தொடர்பு இல்லை: படலம். எரியவே இல்லை என்றால் காயிலுக்கே கரண்ட் வரவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. படலத்துக்கு வழவழப்பான எமரித் தாளை மடித்து நடுவே விட்டு இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும். இடைவெளி 0.45 மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ஆனிலேயே விட்டுவிடக் கூடாது. காயில் சூடாகி வீணாகும்.

இப்போது பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சினில் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில், டக் டக் என்று சத்தம் கேட்கும்படி பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால், கூடவே பாயிண்ட்டில் பெரிய பொறி தெரிந்தால், அங்கே பொறி அடிக்காமல் காக்கும் கன்டென்சர் போய்விட்டது. காயிலிலிருந்து வரும் நடு ஒயரில் நல்ல பொறி இருந்து பிளக்கில் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். மூடியின் உள்ளே பென்சில் கோடு போல மெல்லிய கரிக்கோடு இருந்தால் அந்த வழியாகக் கரண்ட் தப்பிக்கிறது. மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக் ஒயர்களைக் கழற்றியிருந்தால் 1-3-4-2 என்ற வரிசையில் திரும்ப மாட்டுங்கள்.

பழைய பாகம் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்று கடையில் வரும் புது கன்டென்சர் சில சமயம் பெட்டியிலிருந்தே கெட்டதாக வருகிறது. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியும் ஓய்வு பெற்றுவிட்டது. ஓடும் பாகத்தைப் பத்திரப்படுத்துவது இனி நம் பொறுப்பு.

பெட்ரோல்

டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை எஞ்சினுக்குக் கொடுக்கவே கூடாது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், பெயின்ட் கடை வாசனை அடிக்கும். அது காய்ந்த இடமெல்லாம் பலாப்பிசின் போல ஒட்டியிருக்கும். டாங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது தனி வேலை, அதை அப்புறம் பார்க்கலாம். சோதனைக்கு ஒரு சின்ன கேனில் புதுப் பெட்ரோல் எடுத்து, தரையில் வைத்து, புது ஹோஸ் வழியாகப் பம்புக்குக் கொடுங்கள். எஞ்சினே பம்பை இயக்கி இழுத்துக்கொண்டால் பம்ப் நன்றாக இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி அடிக்கும் ஒரு பேக் ஃபயர் போதும், பாட்டிலோடு கை எரியும்.

பம்பின் வெளிக்குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால் விட்டு விட்டுப் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் டயாஃப்ரம் விறைத்திருக்கும் அல்லது உள்ளே வால்வு ஒட்டியிருக்கும். ரிப்பேர் கிட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். பழைய ரப்பர் அதைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். எத்தனாலுக்கு ஒத்துக்கொள்ளும் டயாஃப்ரமும் ஹோஸும் கேட்டு வாங்குங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை கொண்ட ஜெட்டுகளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியால் குத்தாதீர்கள்; துளை பெரிதானால் அந்த வண்டி பெட்ரோல் குடிப்பதை யாராலும் நிறுத்த முடியாது. பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கக் கூடாது. பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் நீடில் வால்வு ஒட்டாமல் ஏறி இறங்க வேண்டும்.

அடுத்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்கள். ஆயில் அளவு கூடாமல், வாட்டர் பம்ப் அடியில் ஒழுகாமல் இருந்தால் போதும்.

முதல் ஸ்டார்ட்

திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில், பேட்டரி டெர்மினல் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். சோக் இழுத்து செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் முதலில் ஆயில் லைட்டைப் பாருங்கள், அப்புறம் சந்தோஷப்படலாம். ரேஸ் கொடுக்காதீர்கள். ஸ்லோ ஸ்பீடைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து ஓட விடுங்கள். சிலிண்டரில் நாம் விட்ட ஆயில் எரிந்து நீலப் புகை வரும், சைலன்சரில் தேங்கிய ஈரம் வெள்ளையாக வரும். இரண்டும் எஞ்சின் சூடானால் குறைய வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கட். கரும்புகை என்றால் சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஃப்ளோட் நிரம்பி வழிகிறது. மேலே டிக் டிக் என்று கேட்பது டேப்பெட். எண்ணெய் போனதும் அடங்கும். கீழிருந்து கனமாக இடிக்கும் சத்தம் கேட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

மிஸ்ஸிங் அடித்தால் ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் பிளக் ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் இல்லை. காய்ந்திருந்தால் வால்வையும் கம்ப்ரஷனையும் மறுபடி பாருங்கள். கார்புரேட்டர் வழியாகத் தும்மினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது இன்டேக் வால்வு ஒட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே தடுமாறிப் பிறகு எடுத்தால் கார்புரேட்டரின் பம்ப் டயாஃப்ரம் காய்ந்திருக்கிறது.

அதிகம் குழப்புவது, நன்றாக ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்றுபோகும் வண்டி. இதற்கு ஆளாளுக்கு ஒரு பாகத்தை மாற்றிப் பணத்தை விடுவார்கள். நின்ற அந்த நிமிஷமே, சூடு ஆறுவதற்குள், பிளக்கில் பொறி பாருங்கள். பொறி இல்லை என்றால் சூட்டில் படுத்துவிடும் காயில் அல்லது கன்டென்சர். ஆறியதும் ஒன்றும் தெரியாத மாதிரி வேலை செய்யும். பொறி இருந்தால் பெட்ரோல் பக்கம். டாங்க் மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று உள்ளே போகிறதா கேளுங்கள். போனால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டாங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பொள்ளாச்சி வண்டி கேனில் அருமையாக ஓடியது, கழுவிய டாங்கை மாட்டியதும் நின்று நின்று போனது. துளையில் குளவி கட்டிய மண். ஊசியால் குத்தி எடுத்ததும் சரியாகிவிட்டது. காற்றுத் துளையும் சரி, ஆனால் மத்தியான வெயிலில் மட்டும் நிற்கிறது என்றால் பம்பில் பெட்ரோல் ஆவியாகிறது. ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பாருங்கள். பழைய டிரைவர்கள் சித்திரை வெயிலில் செய்த வைத்தியம், இன்றும் பலிக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள். கழுவி இறங்கிய துருவும் கசடும் அதில்தான் இருக்கும். அலுமினிய ஹெட் என்பதால் வெறும் தண்ணீரோடு விடாமல் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். டேப்பெட் இடைவெளியையும் கம்ப்ரஷனையும் அப்போது மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியது அன்றைக்குத்தான். ரோட்டுக்கு எடுக்கும் முன் நாலு சக்கரத்தின் பிரேக் சிலிண்டரையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். எஞ்சினை எழுப்பிய உற்சாகத்தில் பலர் மறப்பது அதைத்தான்.